எங்கட மல்யுத்த சேர் இளைப்பாறுறார்: மலரில என்னத்தைப் போடுறது?

கனகராயன் எழுதியது:

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சிப் பக்கம் படிச்ச ஆக்களுக்கு நான் ஆரைச் சொல்லுறன் எண்டு உடனே விளங்கும். சேருக்குப் பொதுவில பேர் அடிபடுறது பிடிக்காது. அதால தெரிஞ்ச ஆக்களும் தயவுசெய்து அவற்ற பேரையோ பள்ளிக்கூடத்தின்ர பேரையோ இதில போடாதேங்கோ.

சேருக்கு 60 ஆகுது, இளைப்பாறப் போறார். பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில ஒரே இழுபறி. மலர் அடிக்கிறதில எல்லாருக்கும் சம்மதம், உள்ளுக்க என்ன போடுறது எண்டதிலதான் சண்டை. வருசவாரியாப் பதக்கப் பட்டியல், வாழ்த்துச் செய்தியள், முன்பக்கத்தில சேரின்ர படம், அவ்வளவும் காணும் எண்டு ஒரு பகுதி சொல்லுது.

எனக்கு இதில உடன்பாடில்லை. பட்டியல் 2010க்குப் பிறகுதான் துடங்கும். 96இல கிளிநொச்சி இடம்பெயர்ந்து அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி எண்டு மரத்துக்குக் கீழ பள்ளிக்கூடம் நடந்த காலத்தில சேர் தொண்டர் ஆசிரியரா வந்தவர். அப்ப மல்யுத்தம் எண்ட கதையே இல்லை. கபடி, கரப்பந்து, மெய்வல்லுநர் போட்டி எல்லாத்துக்கும் அவர் ஒராள்தான். 2008 கடைசியில திரும்பவும் வெளிக்கிட்டு ஓடேக்க அலுமாரி, கேடயம், பதிவேடு எல்லாம் அங்கயே கிடந்து போச்சு. அந்தக் காலத்துக்கு எங்களிட்ட ஒரு துண்டுக் கடுதாசி இல்லை. பட்டியலை மட்டும் போட்டா, 2010இல வேலைக்கு வந்த ஆள் மாதிரி எல்லோ இருக்கும்?

ஆரிட்ட என்ன இருக்கெண்டு சொல்லுங்கோ. படம், சான்றிதழ், ஞாபகம் எதெண்டாலும் பரவாயில்லை.

மல்லாவி வாத்தி எழுதியது:

நல்ல இழை. நானும் உடற்கல்வி ஆசிரியர்தான், வேற வலயம். சேரோட போட்டிக்கு நிண்ட ஆள் நான், அவற்ற மாணவன் இல்லை. வெளியில இருக்கிற ஆக்களுக்கு ஒரு விசயம் சொல்ல வேணும்.

எங்கட பக்கத்துப் பள்ளிக்கூடங்களில மல்யுத்தப் பயிற்றுவிப்பாளர் எண்டு தனியா ஒராள் இல்லை. உடற்கல்விப் பாடம், இல்ல விளையாட்டுப் போட்டி, கான்ரீன் மேற்பார்வை, பிரதி வகுப்பு எல்லாம் முடிச்சுப்போட்டு பின்னேரம் 2 மணிக்குப் பிறகுதான் மல்யுத்தம். அதுக்குச் சம்பளம் இல்லை. பிள்ளையளை மாகாணப் போட்டிக்கோ, அதில வெண்டா தேசியத்துக்கோ கொண்டு போறதுக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில கொஞ்சக் காசு தருவினம். மிச்சம் வாத்தியின்ர சட்டைப் பையிலதான்.

தேசிய மட்டத்தில இன்னொரு தலையிடியும் இருக்கு. போட்டிக்கு முதல் நடக்கிற கூட்டத்தில கதைக்கிறது பெரும்பாலும் சிங்களத்திலதான். எங்கட ஆக்கள் முந்தி பின் வாங்கில இருந்து தலையாட்டிப்போட்டு வருவினம். இவர் நாப்பத்தஞ்சு வயசுக்குப் பிறகு சிங்களம் படிச்சு, எழும்பி நிண்டு ஆட்சேபனை சொல்லுவார். ஒருக்கா என்ர பெடியனுக்காகவும் கதைச்சவர். நான் எதிர்ப் பள்ளிக்கூடம்!

வட்டக்கச்சி நெல்லுக்காரன் எழுதியது:

ஒரு பவுணில மோதிரம் ஒண்டு போடுவம். பொன்னாடை வேண்டாம், சேரின்ர அலுமாரியில இருக்கிற பொன்னாடையளைத் தைச்சா ஒரு பந்தல் போடலாம்.

பரந்தன் பாதாளன் எழுதியது:

2010க்குப் பிறகு எண்டதால எழுதிறன். கபடியில இருந்து மல்யுத்தத்துக்கு மாறின முதல் கூட்டம் நாங்கள்தான்.

மீள்குடியேறின புதுசில பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கூரையே இல்லை. மல்யுத்தப் பயிற்சி வகுப்புக்கு ஆசிரியர்மாரைக் கேட்டு ஒரு கடிதம் வந்ததாம். ஒருத்தரும் போகேல்லை, சேர் போனார். வந்து, ஆத்து மணல் ஒரு லோட் பறிச்சு, யூஎன் தறப்பாளை மேல இழுத்துக் கட்டி, அதில துடங்கினது. முதல் தவணை முழுக்க ஆரையும் பிடிக்க விடேல்லை. விழுறதுக்குத்தான் பழக்கினவர். நாடியை நெஞ்சோட ஒட்டி, கையை ஊண்டாம விழவேணும். கை ஊண்டினா மணிக்கட்டு போச்சு. பிறகு கழுத்துக்குப் பயிற்சி. எங்களுக்குச் சரியான விசர். சண்டை பிடிக்க வந்தவங்களை ஏன் உருட்டுறார் எண்டு.

கபடிக்காரருக்கு ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் இருக்கு. கணுக்கால் பிடி எங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. சுயபாணி மல்யுத்தத்தில காலைப் பிடிக்கலாம் எண்டதால அது அப்பிடியே உதவிச்சு. கிரேக்க ரோமன் பாணியில இடுப்புக்குக் கீழ தொடவே ஏலாது, அதில நாங்கள் சரிப்பட்டு வரேல்லை. கெட்டது என்னெண்டா, கபடியில ஆளைப் பிடிச்சுக்கொண்டு நீயும் மல்லாக்க விழலாம், ஆள் வெளியேறினாச் சரி. இதில முதுகு மெத்தைப் பக்கம் திரும்பினாலே எதிராளிக்கு 2 புள்ளி. ரண்டு தோளும் பட்டா ஆட்டமே முடிஞ்சுது. நல்லாப் பிடிச்சு, பிடிச்ச பிடியிலயே தோத்த ஆக்கள் நாங்கள். இப்பத்தைய விதிப்படி பெரியாக்களின்ர ஆட்டம் 3 நிமிசம், 30 செக்கன் ஓய்வு, பிறகும் 3 நிமிசம். அதுக்குள்ள 10 புள்ளி வித்தியாசம் வந்தா நடுவர் நிப்பாட்டிப்போடுவார். முதல் மாகாணப் போட்டியில எங்களில கனபேரை முதல் பாதியிலயே நிப்பாட்டிப்போட்டினம்.

அந்தத் தோல்வியளை எந்தப் பட்டியலில போடப் போறியள்?

அரைக்கிலோ எழுதியது:

எல்லாரும் பூமாலையோட நிக்கிறியள். எனக்குச் சேரில மரியாதை இருக்கு, கோவமும் இருக்கு. ரண்டையும் எழுதினாத்தான் மலர், இல்லாட்டி அது செத்தவீட்டுக்கு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகம்.

ஏ.எல் (உயர்தரம்) படிக்கேக்க தேசியத்துக்குத் தெரிவான ஆள் நான். என்ர நிறைப் பிரிவில பலமான பெடியங்கள் கனபேர். ஒரு பிரிவு கீழ இறங்கினாப் பதக்கம் நிச்சயம், எல்லாருக்கும் தெரியும். ரண்டு கிழமை இருந்தது. சேர் விடேல்லை. "உள்ள நிறையில நில்" எண்டிட்டார். மூண்டாமிடத்துக்கான ஆட்டத்தில தோத்தன். தேசியப் பதக்கம் இருந்திருந்தா பல்கலைக்கழக விசேட அனுமதிக்கு விண்ணப்பிச்சிருப்பன். மற்ற மாகாணப் பெடியங்கள் பொலித்தீன் உடுப்புப் போட்டு ஓடி, தண்ணி குடியாம, துப்பித் துப்பி இறக்கிறாங்கள். நாங்கள் மட்டும் நியாயம் பாத்துத் தோத்தது.

ஸ்காபரோ மாமா எழுதியது:

அரைக்கிலோ தம்பி, உங்கட கோவம் விளங்குது. ஆனா சேர் செய்ததை அமெரிக்காவில விதியாவே வைச்சிருக்கினம்.

என்ர பேத்தி கனடாவில உயர்பாடசாலையில மல்யுத்தம் செய்யிறா. அவவால நானும் கொஞ்சம் வாசிச்சன். பக்கத்தில அமெரிக்காவில 1997 கடைசியில மூண்டு பல்கலைக்கழகப் பெடியள் ஒரு மாதத்துக்கு அங்கால இங்கால அடுத்தடுத்துச் செத்துப்போட்டினம். மூண்டு பேரும் நிறை இறக்கத்தான், றப்பர் உடுப்போட சூட்டு அறையுக்க உடற்பயிற்சி செய்து. அதுக்குப் பிறகுதான் விதியள் இறுகினது. இப்ப அங்க உயர்பாடசாலையில பருவம் துடங்க முதல் சிறுநீர் சோதிச்சு, உடம்பில தண்ணி காணுமோ எண்டு பாக்கினம். பெடியளுக்குக் கொழுப்பு 7 வீதம், பெண் பிள்ளையளுக்கு 12 வீதம், அதுக்குக் கீழ போற அளவுக்கு நிறை இறக்க விடமாட்டினம். இறக்கிறதெண்டாலும் கிழமைக்கு உடம்பு நிறையில ஒண்டரை வீதம்தான்.

பாரிஸ் ஒலிம்பிக்கில வினேஷ் போகத்துக்கு நடந்தது தெரியும்தானே. 50 கிலோ பிரிவில முதல் நாள் ஜப்பானின்ர யூயி சுசாகியையே வெண்டவ. அடுத்தநாள் விடிய 100 கிராம் கூடிப்போச்செண்டு இறுதி ஆட்டத்துக்கே விடேல்லை. உலகத் தரமான வைத்தியரும் பயிற்சியாளரும் கூட நிண்டே அப்பிடி. தறப்பாளில பழகின ஒரு ஏ.எல் பெடியனை ரண்டு கிழமையில இறக்கச் சொல்லுறது சரியோ?

அரைக்கிலோ எழுதியது:

மாமா, உங்கட பக்கத்தில எல்லாருக்கும் ஒரே விதி. இஞ்ச விதி சேருக்கு மட்டும்தான் இருந்தது. மற்றவன் இறக்கிக்கொண்டு வந்து என்னை அமத்தேக்க என்ர உடல்நலத்தை நினைச்சுச் சந்தோசப்பட ஏலாது.

மல்லாவி வாத்தி எழுதியது:

அரைக்கிலோ சொல்லுறதில உண்மை இருக்கு. நானே என்ர பிள்ளையளை இறக்க விட்டிருக்கிறன், பதக்கமும் எடுத்திருக்கிறன். அதைப் பெருமையாச் சொல்லேல்லை, நடக்கிறதைச் சொல்லுறன். போட்டி முடிஞ்சு வரேக்க பஸ்ஸில வாந்தி எடுத்துக்கொண்டு வருவாங்கள்.

ஆனா சேரிட்ட நான் இதைப்பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன காரணம் வேற. எங்கட பிள்ளையளில இறக்கிறதுக்கு என்ன இருக்கெண்டு கேட்டார்.

வட்டக்கச்சி நெல்லுக்காரன் எழுதியது:

மோதிரக் கதையை விடுறன், ஒரு உண்மைக் கதை சொல்லுறன். எங்கட அப்பாவின்ர மில்லில நெல்லு மூட்டை நிறுக்கிற தராசிலதான் சேர் ரீமை நிறுத்தவர். பள்ளிக்கூடத்தில நல்ல தராசு இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் பின்னேரம் சைக்கிளில வரிசையா வருவினம். தவிடு மணக்க மணக்க ஒவ்வொருத்தரா ஏறி நிக்க, சேர் ஒரு சீ.ஆர். கொப்பியில எழுதுவார்.

அப்பா ஒருநாள் கேட்டவர், போட்டி மாதக் கணக்கில கிடக்கு, ஏன் இப்பவே நிறுக்கிறியள் எண்டு. சேர் கொப்பியைக் காட்டினாராம். போட்டிக்கெண்டு எழுதினது இல்லை அது. அடுத்தடுத்த கிழமையில நிறை குறைஞ்சா, அந்தப் பிள்ளையின்ர பேருக்குக் கீழ ஒரு கோடு. கோடு விழுந்த வீட்டுக்கு ஞாயிறு சேர் போவார். என்ன ஏதெண்டு கேக்கமாட்டார், சும்மா போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வருவார். அடுத்த கிழமை அப்பாவிட்ட வந்து, அந்த வீட்டுக்கு ஒரு மூட்டை குத்தரிசி, காசு பிறகு தாறன் எண்டுவார். அப்பா காசு வாங்கேல்லை எண்டு சொல்ல ஆசைதான், ஆனா பாதிக்குப் பாதி வாங்கினவர். வியாபாரமும் நடக்கோணும்தானே.

பரந்தன் பாதாளன் எழுதியது:

அந்தக் கொப்பி!! அதில ஒரு பக்கத்தைப் படமெடுத்து மலரின்ர முன்பக்கத்தில போடுவம். பதக்கப் பட்டியலை விட ஆயிரம் மடங்கு பெறுமதி.

ஐம்பத்திமூண்டு எழுதியது:

போடக்கூடாது.

இவ்வளவு நேரமும் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். அந்தக் கொப்பியில என்ர பேருக்குக் கீழயும் கோடு இருக்கு. அம்மா தனியா எங்களை வளத்த காலம் அது. எங்கட ரீமில கனபேர் அப்பிடித்தான், 2009க்குப் பிறகு தகப்பன் இல்லாத வீடுகள். எந்த வீட்டில எந்தக் கிழமை அடுப்பு எரியேல்லை எண்டதின்ர பதிவு அது. பேரை மறைச்சாலும் எங்களுக்குள்ள ஆர் ஆரெண்டு தெரியும். சேரே அதை ஒருத்தருக்கும் காட்டினதில்லை. வட்டக்கச்சி அண்ணையின்ர அப்பாவுக்குக் காட்டினது மில் அவருடையது எண்டதால.

பெண் பிள்ளையளைப் பற்றி இன்னும் ஒருத்தரும் எழுதேல்லை, அதால நான் எழுதிறன்.

துடக்கத்தில சேர் எங்களைச் சேக்கேல்லை. இது உண்மை. பெடியளை மட்டும் வைச்சுத்தான் பழக்கினவர். நாங்கள் மண்டப யன்னலால எட்டிப் பாத்துக்கொண்டு நிப்பம். ஊர் என்ன சொல்லும் எண்ட பயம் அவருக்கும் இருந்தது. மாத்தினது சமூகக்கல்வி ரீச்சர் ஒராள். நான் வந்து இருக்கிறன், நீங்கள் பழக்குங்கோ எண்டு கதிரையைக் கொண்டுவந்து மெத்தைக்குப் பக்கத்தில போட்டு, அதிலயே இருந்து கொப்பி திருத்தினவ. மலரில அந்த ரீச்சருக்கு ஒரு பக்கம் இல்லாட்டி நான் ஒரு சதமும் தரமாட்டன்.

உடுப்பு அடுத்த சண்டை. போட்டி உடுப்பு உடம்போட ஒட்டினது. எங்கட அம்மாமார் அதைக் கையில எடுத்துப் பாத்திட்டு மடிச்சு வைச்சிட்டினம். பழகேக்க நீளக் காற்சட்டையும் ரீசேட்டும், போட்டியில மட்டும் அந்த உடுப்பு, ஏறி இறங்கின உடன மேலுடுப்பு எண்டு ரீச்சரும் சேரும் வீடு வீடாப் போய்க் கதைச்சவை. அப்பிடியும் சில வீடு விடேல்லை. என்னை விடக் கெட்டிக்காரி ஒருத்தி அதோட நிண்டுபோனா.

2022இல பேர்மிங்காமில பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில எங்கட நாட்டு நெத்மி பொருதொட்டகே 57 கிலோவில வெண்கலம் எடுத்தவ. 18 வயசு. அதை ஃபோனில பாத்திட்டு எங்கட அம்மா கேட்டா, நீயும் இதுதானே செய்தனி எண்டு. அவ்வளவு காலமும் நான் கராத்தே செய்யிறன் எண்டு சொந்தக்காரருக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவ!

மல்லாவி வாத்தி எழுதியது:

கதிரை ரீச்சரை எனக்கும் தெரியும். போட்டிக்கு வந்தா எங்கட பிள்ளையளின்ர நகத்தையும் சேத்துப் பாப்பா.

நகம் எண்டதும் ஞாபகம் வந்தது. மல்யுத்தத்தில காயத்தை விட மோசம் தோல் வருத்தம். ஒருத்தருக்குப் படர்தாமரை வந்தா ஒரு கிழமைக்குள்ள முழு ரீமுக்கும். சேரின்ர இடத்தில மெத்தையைக் குளோரின் தண்ணியால துடைக்காம ஒருத்தரும் ஏறேலாது, வெளியில நடந்த காலோட ஏறேலாது. காது வீங்கி இரத்தம் கட்டினா உடன ஆசுபத்திரி. அதை விட்டா மடிஞ்சு கல்லா இறுகிப்போகும். பெடியள் அதை வீரக் காது எண்டு வைச்சிருக்க ஆசைப்படுவாங்கள், சேர் விடமாட்டார்.

கனகராயன் எழுதியது:

கொப்பி போடேல்லை. ஐம்பத்திமூண்டு தங்கச்சி சொன்னதுதான் சரி. ரீச்சருக்குப் பக்கம் கட்டாயம்.

2010க்கு முன்னத்தைக்கு ஒரு நல்ல செய்தி. ஒரு அண்ணை தனிமடலில 98ஆம் ஆண்டுக் கபடிச் சான்றிதழ் ஒண்டு அனுப்பியிருக்கிறார். பிறப்புப் பத்திரம், காணி உறுதி, அடையாள அட்டையளோட தாய் அதையும் ஒரு பையில போட்டு, கடைசிச் சண்டை நடந்த மாத்தளன் வரைக்கும், பிறகு மெனிக் பாம் அகதி முகாமுக்கும் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறா. கீழ சேரின்ர கையொப்பம். தொண்டர் ஆசிரியர் எண்டு போட்டிருக்கு. அந்தத் தொண்டர் காலம் அவற்ற ஓய்வூதியத்தில வராதெண்டும் அந்த அண்ணை எழுதியிருக்கிறார்.

உங்களிட்டயும் அப்பிடி ஒரு பை இருக்கும். அம்மாமாரைக் கேளுங்கோ.

ஸ்காபரோ மாமா எழுதியது:

மலர் சரி. காசு சேருது, இஞ்சயும் கொஞ்சப்பேர் தரத் தயார். ஒரு போட்டி மெத்தை வாங்கிக் குடுத்தா என்ன? 12 மீற்றருக்கு 12 மீற்றர், நடுவில 9 மீற்றர் வட்டம், முழுசா.

மல்லாவி வாத்தி எழுதியது:

மாமா, குறை நினையாதேங்கோ. மெத்தை வந்தாப் பழக்கிறது ஆர்? சேர் போக அடுத்ததா வாறவர் கிரிக்கெட்காரரா இருந்தா, அந்த மெத்தை பரிசளிப்பு விழாவுக்கு மேடையில விரிப்பாகும், பிறகு எலிக்கும் கறையானுக்கும். ரண்டு பள்ளிக்கூடத்தில கண்ணால கண்டிருக்கிறன். 12க்கு 12 வைக்கிற மண்டபமும் அங்க இல்லை. பயிற்சிக்குப் பாதி அளவு காணும். ஆனா பிள்ளையள் வெறும் நிலத்தில விளையாடப் பூட்டுற புதிர்த் துண்டு மெத்தையை மலிவெண்டு வாங்கிப்போடாதேங்கோ. பொருத்து விலகி, கால் விரல் உள்ள போனா முழங்கால் முறுகும். கனதியான நுரைத் துண்டு, மேல ஒரே விரிப்பு, அதுதான் வேணும்.

முதல் ஆளைப் பாருங்கோ, பிறகு மெத்தை.

அரைக்கிலோ எழுதியது:

ஆள் எண்ட கதை வந்ததால இதையும் சொல்லிப்போடுறன். சேரிட்டப் பழகின கெட்டிக்காரர் ஏன் ஒருத்தரும் பயிற்றுவிப்பாளரா வரேல்லை? பள்ளிக்கூடம் முடிய இந்த விளையாட்டுக்கு இஞ்ச இடம் இல்லை. நாட்டில பெரிய மல்யுத்தக் கழகங்கள் எண்டாப் படையளும் பொலிசும்தான். வன்னிப் பெடியனுக்கு அங்க போறது லேசான முடிவே? எனக்கும் கேட்டு வந்தது. சேரிட்டப் போய்க் கேட்டன், போகவோ விடவோ எண்டு. அவர் போ எண்டும் சொல்லேல்லை, போகாதை எண்டும் சொல்லேல்லை. அம்மாவைக் கேள் எண்டார். அம்மாவை நான் கேக்கேல்லை. இப்ப லொறி ஓடுறன்.

ஐம்பத்திமூண்டு எழுதியது:

நான் பழக்கிறன்.

இதை இதில எழுதிறதோ எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான். போன தவணையில இருந்து கிழமையில மூண்டு நாள் சேரோட நிக்கிறன், சின்னப் பிள்ளையளை நான்தான் பாக்கிறன். பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தரிட்டயும் கதைச்சாச்சு, அடுத்த பயிற்றுவிப்பாளர் வகுப்புக்கு என்ர பேர் போகும். எனக்கு வேலை இருக்கு, சம்பளம் தேவையில்லை. ஆனா பஸ் காசும், பிள்ளையளுக்குப் பின்னேரம் பயறோ கச்சானோ முட்டையோ குடுக்கிற காசும் மாதாமாதம் வேணும். ஒருக்காப் பெரிசாத் தந்திட்டு மறக்கிற காசு வேண்டாம். மெத்தை பாதி அளவு, வாத்தி அண்ணை சொன்ன மாதிரி. நல்ல தராசு ஒண்டும் வேணும்.

ஸ்காபரோ மாமா எழுதியது:

மாதாமாதம் எங்கட பொறுப்பு, பிள்ளை. தராசு என்ர பேத்தியின்ர கணக்கில.

வட்டக்கச்சி நெல்லுக்காரன் எழுதியது:

மில்லுத் தராசுக்கு என்ன குறை?! சரி சரி. மாதம் ஒரு மூட்டை அரிசி எங்கட பக்கத்தால. இந்த முறை முழுக்க இலவசம், அப்பாவுக்குச் சொல்லமாட்டன்.

அரைக்கிலோ எழுதியது:

மெத்தை கொழும்பில இருந்து வருமெண்டா என்ர லொறியில ஏத்தலாம். கிழமையில ஒருக்கா மரக்கறி இறக்கிப்போட்டு வெறுசாத்தான் வாறன். டீசலுக்கு மட்டும் தாங்கோ.

நிறைக் கதையில இப்பவும் சேர் பிழைதான். இறக்கியிருந்தா வெண்டிருப்பன். மலரில நான் எழுதினதை வெட்டாமப் போடுறதெண்டா எழுதித் தாறன்.

கனகராயன் எழுதியது:

வெட்டமாட்டம். ஒரு பக்கம் உங்களுக்கு, இந்த மாதக் கடைசிக்குள்ள தாங்கோ.

படம் அனுப்பிற ஆக்கள் கவனிக்கவும்: வட்ஸ்அப்பில அனுப்பினா மங்கி, அச்சில வடிவா வராது. மின்னஞ்சலில முழு அளவில அனுப்புங்கோ. பழைய சான்றிதழை லமினேற் பண்ணியிருந்தா வெளிச்சம் தெறிக்கும், முத்தத்தில நிழலில வைச்சு எடுங்கோ. மெத்தைக்கு விலை எடுத்துத் தர ஆரெண்டாலும் கொழும்பில இருந்தாத் தனிமடல் போடுங்கோ.